லண்டனில் ராஜாவின் சிம்பொனி: பினாங்குத் தமிழருக்கு அதில் என்ன பங்கு?

2025 மார்ச் 8ஆம் தேதி, சனிக்கிழமை, லண்டன் மாநகரில் இசைஞானி இளையராஜா எழுதிய 'வேலியண்ட்' சிம்பொனி அரங்கேறியது. ஹேமர்ஸ்மித் பகுதியில் உள்ள இவென்டிம் அப்பல்லோ அரங்கில் ராயல் பில்ஹார்மோனிக் கான்செர்ட் ஆர்க்கெஸ்ட்ரா அதை வாசித்தது. மைக்கேல் டாம்ஸ் குழுவை வழிநடத்தினார். அங்கே சனிக்கிழமை மாலை என்றால் நமக்கு ஞாயிறு அதிகாலை. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவின் கேசட் கடைகளில் ராஜாவின் பாடல்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறையும், நிபோங் திபால், பிறை, பட்டர்வொர்த் பக்கத் தோட்டங்களில் வானொலியே துணையென்று இருந்த தலைமுறையும் அன்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தயாராகவே இருந்திருக்கும்.

நம் புலனக் குழுக்களில் அப்போது வாழ்த்துப் படங்கள் குவிந்தன. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, அப்போது தமிழக முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் இளையராஜாவின் வீட்டுக்கே சென்று வாழ்த்திவிட்டு வந்தார். 81 வயதில் ஒரு தமிழர் இப்படியொரு பணியைச் செய்து முடித்திருப்பது கொண்டாட வேண்டியதுதான். ஆனால் கொண்டாட்டத்தோடு நின்றுவிட்டால் நமக்கு மிஞ்சுவது ஒரு நாள் பெருமை மட்டுமே. அந்த மேடையில் என்ன நடந்தது, அவர் அங்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார், நம் பினாங்குப் பிள்ளைகள் அப்படியொரு மேடையில் வாத்தியத்தோடு உட்கார வழி இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பேசினால்தான் இந்தப் பெருமைக்குப் பயன் உண்டு.

சிம்பொனி என்றால் என்ன?

நம்மில் பலருக்கு 'சிம்பொனி' என்ற சொல் தெரியும், பொருள் தெரியாது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

பாட்டு இல்லாமல், வாத்தியங்களுக்காக மட்டுமே எழுதப்படும் நீண்ட இசைப்படைப்பைப் பொதுவாகச் சிம்பொனி என்கிறார்கள். வழக்கமாக நான்கு பகுதிகள் இருக்கும். முதல் பகுதி விறுவிறுப்பாகத் தொடங்கும். இரண்டாவது நிதானமாகப் போகும். மூன்றாவது ஆட்டத்துக்கேற்ற நடையில் அமையும். நான்காவது வேகமெடுத்து முடியும். அரை மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை நீளலாம். வாசிப்பவர்கள் எண்பது, தொண்ணூறு பேர்கூட இருப்பார்கள். வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் என்று தந்தி வாத்தியங்கள் முன்னால். புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன் ஆகியவை நடுவில். டிரம்பெட், ஹார்ன், டிராம்போன் போன்ற பித்தளை வாத்தியங்களும் முழவுகளும் பின்னால்.

இதில் ஓபோ நமக்குத் தூரத்து உறவு. நாதஸ்வரத்தில் சீவாளி வைத்து ஊதுகிறோம் அல்லவா? ஓபோவிலும் அதே போல இரட்டை நாணல் தகடு வைத்துத்தான் ஊதுகிறார்கள். கச்சேரி தொடங்கும் முன் ஓபோ ஒரு சுரத்தை நீளமாகப் பிடிக்கும். மொத்தக் குழுவும் அதற்குச் சுருதி சேர்த்துக்கொள்ளும்.

நம் கர்நாடக இசைக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இரண்டு. முதலாவது, நம் இசையில் ஒரு நேரத்தில் ஓடுவது ஒரே மெட்டு. பாடகர் பாடுவதை வயலின் பின்தொடரும். சிம்பொனியிலோ ஒரே நேரத்தில் பல மெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். மோதாமல் ஓடவேண்டும். இரண்டாவது, நம் கலைஞர் மேடையில் உட்கார்ந்த பிறகுதான் ஆலாபனையை வளர்த்தெடுப்பார். சிம்பொனியில் ஒவ்வொரு வாத்தியமும் எந்த நொடியில் எந்தச் சுரத்தை எவ்வளவு சத்தத்தில் வாசிக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தாளில் எழுதப்பட்டிருக்கும். 

அப்படி எழுதுவதில்தான் இளையராஜாவின் பெயர் நிற்கிறது. ஹார்மோனியத்தையோ பியானோவையோ தொடாமல், மனத்தில் கேட்பதை நேரடியாகத் தாளில் எழுதக்கூடியவர் அவர். இந்தச் சிம்பொனியை 35 நாளில் எழுதி முடித்துவிட்டதாக 2024இல் அறிவித்தார். 1976இல் 'அன்னக்கிளி' வந்தது முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்கு இப்படி எழுதி எழுதிப் பழகிய கை அது.

மிகைப்பேச்சு வேண்டாம்

இந்த இடத்தில் ஒரு செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. 'சிம்பொனி எழுதிய முதல் ஆசியர்' என்று சில படங்களில் போட்டுச் சுற்றுக்கு விட்டார்கள். அது சரியல்ல. ஜப்பானியரான கோசாக்கு யமாடா 1912இலேயே ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு சிம்பொனி எழுதினார். அதன் பின் ஜப்பான், சீனா, கொரியாவிலிருந்து எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். இந்திய வம்சாவளியினரும் மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதியிருக்கிறார்கள்.

இளையராஜாவின் சாதனைக்கு இந்த மிகைப்பேச்சு தேவையில்லை. சினிமாவுக்கு இசையமைத்து ஐம்பது ஆண்டைத் தொடவிருந்த ஒரு தமிழர், 81ஆவது வயதில், பாட்டும் படமும் இல்லாத முழுச் சிம்பொனியை எழுதி, அதை லண்டனின் பெயர்பெற்ற ஒரு குழுவை வாசிக்கவைத்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரும் அரங்கில் நேரடியாக மக்கள் முன் வைத்தார். இதுவே போதும். பொய்யான 'முதல்' பட்டத்தைச் சேர்த்தால், நாளை வேற்றினத்து நண்பர் ஒருவர் யமாடாவைப் பற்றிக் கேட்கும்போது நாம்தான் விழிக்க வேண்டியிருக்கும்.

இது அவருக்கு முதல் முயற்சியும் இல்லை. 1986இல் 'ஹவ் டு நேம் இட்' என்ற இசைத்தொகுப்பைத் தந்தார். தியாகராஜ சுவாமிகளையும் ஜெர்மானிய இசைமேதை பாக்கையும் ஒரே கூரையின் கீழ் சந்திக்கவைத்த முயற்சி அது. அதில் முதன்மை வயலினை வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். 1988இல் வந்த 'நத்திங் பட் விண்ட்' தொகுப்பில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் முன்னால் நின்றது. 1993இல் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் குழுவைக் கொண்டு ஒரு சிம்பொனியைப் பதிவு செய்தார். அது இன்றுவரை வெளியாகவில்லை. 2005இல் புடாபெஸ்ட் சிம்பொனி குழுவோடு சேர்ந்து மாணிக்கவாசகரின் திருவாசகத்தை ஆர்க்கெஸ்ட்ரா இசையில் தந்தார். ஆக, 2025 மார்ச் 8 சுமார் நாற்பது ஆண்டு நடையின் ஒரு கட்டம். 1993இல் அடைபட்ட கதவை 32 ஆண்டு கழித்துத் திரும்பத் தட்டியிருக்கிறார் என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

தோட்டத்து மேடையிலிருந்து

நம் தோட்டப்புற வாசகர்கள் குறிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பகுதி இவர் வாழ்க்கையில் உண்டு. இளையராஜா பிறந்தது தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில். மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். மூணாறு, தேவிகுளம் பகுதியின் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சிக்காக மேடை மேடையாகப் பாடியவர். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தல் வந்தபோது, தோட்டத் தொழிலாளர் மத்தியில் அவருடைய பாட்டுதான் பிரச்சாரம். பதின்ம வயதுப் பையனாக அந்தக் குழுவில் போய்ச் சேர்ந்தவர் இளையராஜா.

அந்த மேடைகளைக் கற்பனை செய்து பார்க்க நமக்குச் சிரமம் இருக்காது. லயத்துக்கு முன்னால் உள்ள திடல், வேலை முடிந்து வந்து தரையில் உட்கார்ந்த மக்கள், ஒரு ஹார்மோனியம். நம் ஊர் ரப்பர் தோட்டங்களிலும் கோயில் திருவிழாவிலும் பொங்கல் இரவிலும் இதே காட்சிதான் நடந்தது. அந்த மேடைக்கும் லண்டன் மேடைக்கும் இடையே அவருக்கு ஏணியாக இருந்தது என்ன? 

படிப்பு. சென்னைக்கு வந்த பிறகு தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை அடிப்படையிலிருந்து கற்றார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கித்தார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து குழுவைக் கையாளப் பழகினார். புகழ் பெற்ற பிறகும் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக இசை படித்தார். அருள் இருந்தது, திறமை இருந்தது என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட்டால், பிள்ளைகளுக்கு நாம் தவறான பாடத்தைச் சொல்கிறோம். அவர் நோட்டு எழுதவும் படிக்கவும் உட்கார்ந்து கற்றார். அதனால்தான் தமிழே தெரியாத வாத்தியக்காரர்கள் அவர் மனத்தில் கேட்டதை அப்படியே வாசிக்க முடிகிறது.

வயலின் நமக்கு அந்நியமா?

'இது வெள்ளைக்காரன் இசை, நமக்கெதற்கு' என்று ஒரு குரல் எப்போதும் எழும். அந்தக் குரலுக்குப் பதில் நம் கோயில் கச்சேரிகளிலேயே இருக்கிறது. இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியாது. அந்த வயலின் எங்கிருந்து வந்தது?

பிரான்சிஸ் லைட் பினாங்கில் வந்திறங்கிய 1786ஆம் ஆண்டில்தான் பாலுஸ்வாமி தீட்சிதர் பிறந்தார். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி. சென்னையில் ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டு, ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதில் நம் ராகங்களை வாசித்துக் காட்டியவர் அவர். அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதரோ அந்த ஆங்கிலேய மெட்டுகளுக்கே சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். 'நோட்டு ஸ்வர சாகித்தியம்' என்று அவற்றை இன்றும் சிறுவர்களுக்குக் கற்றுத் தருகிறார்கள். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவின் வயலின் திறமைக்காகத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் தந்தத்தால் செய்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

அதாவது, இருநூறு ஆண்டுக்கு முன்னரே நம் முன்னோர் வெளியிலிருந்து வந்த வாத்தியத்தை எடுத்து, தரையில் உட்கார்ந்து, வயலினின் தலையைக் காலில் ஊன்றி, சுருதியை மாற்றி, கமகம் வரும்படி பழகி, அதை நம்முடையதாக்கிக்கொண்டார்கள். பயந்து ஒதுங்கவில்லை. தங்கள் இசையை விட்டுக் கொடுக்கவும் இல்லை.

அதன் அடுத்த கட்டமும் நடந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இளமையைக் கழித்து, 1958 கலவரத்துக்குப் பின் சென்னை வந்த குடும்பத்துப் பிள்ளை எல். சுப்பிரமணியம். 1985இல் சுபின் மேத்தா வழிநடத்த, நியூயார்க் பில்ஹார்மோனிக் குழுவின் முன்னால் தனி வயலின் கலைஞராக நின்று தாம் எழுதிய படைப்பை வாசித்தார். அதற்கும் முன்னர், 1971இல் ரவிசங்கர் சிதாரோடு லண்டன் சிம்பொனி குழுவின் முன் உட்கார்ந்தார். இப்படி ஒரு பெரிய குழு பின்னால் இருந்து தாங்க, ஒரு கலைஞர் முன்னால் நின்று வாசிப்பதை 'கான்செர்ட்டோ' என்கிறார்கள். கோயிலில் தனித் தவில் ஆவர்த்தனம் நடக்கும்போது மற்றவர்கள் தாளம் போட்டுத் தாங்குவார்களே, அந்த உறவைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள்.

பினாங்கில் நம் நிலை

இனி நம் ஊருக்கு வருவோம். இசையில் பினாங்குக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. பி. ரம்லி பிறந்த மண் இது. ஜிம்மி பாய்ல் ஜாஸ் வளர்த்த மண். பினாங்கு பில்ஹார்மோனிக் என்று மாநிலத்துக்கென ஓர் இசைக்குழு இருக்கிறது. டேவான் ஸ்ரீ பினாங்கு இருக்கிறது. தஞ்சோங் தோக்கோங்கில் பினாங்பேக் அரங்கு இருக்கிறது. ஆண்டுதோறும் ஜார்ஜ்டவுன் விழா நடக்கிறது. இந்தக் கச்சேரிகளுக்குச் சென்று அரங்கைச் சுற்றிப் பாருங்கள். பார்வையாளர் வரிசையில் நம்மவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள். மேடையில் இன்னும் குறைவு.

அதே வேளையில், நம்மிடம் இசைத் தாகம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. தமிழகத்திலிருந்து பாடகர் வந்தால் நூற்றுக்கணக்கான ரிங்கிட் கொடுத்து டிக்கெட் வாங்குகிறோம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பாதையில் உறுமி மேளம் அடிக்கும் இளைஞர்களைப் பாருங்கள். மணிக்கணக்கில் தாளம் பிசகாமல், முப்பது பேர் ஒரே உடம்பு போல அடிக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் பள்ளியில் சொல்லித் தரவில்லை. ஒழுங்கான பயிற்சி கிடைத்தால் இவர்களில் எத்தனை பேர் ஆர்க்கெஸ்ட்ராவின் முழவுப் பகுதியில் உட்காரக்கூடும்! நாமோ அவர்களைப் 'போக்கிரிப் பசங்க' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம்.

வயலினும் வீணையும் மிருதங்கமும் கற்கும் பிள்ளைகளும் நம்மிடம் இருக்கிறார்கள். சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் தொடங்கிய டெம்பல் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் பினாங்கிலும் பல்லாண்டாகக் கலைகளைக் கற்றுத்தருகிறது. கோயில் மண்டபங்களிலும் வீட்டுக் கூடங்களிலும் மாலை நேர வகுப்புகள் நடக்கின்றன. ஆனால் அங்கே கர்நாடக வயலின் படித்த பிள்ளை நேராக ஆர்க்கெஸ்ட்ராவில் போய் உட்கார முடியாது. வாத்தியம் ஒன்றுதான், பிடிக்கும் விதம் வேறு, தந்திகளின் சுருதி வேறு, எல்லாவற்றுக்கும் மேலாக நோட்டுப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த நோட்டு விஷயத்தில் நமக்கே தெரியாமல் நம் கையில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. தமிழ்ப்பள்ளி உட்பட எல்லாத் தொடக்கப்பள்ளியிலும் இசைக்கல்வி பாடம் உண்டு. பிள்ளைகளுக்கு ரெக்கார்டர் எனும் சிறு குழலை ஊதக் கற்றுத் தருகிறார்கள். அந்தப் பாடத்தில் ஐந்து கோட்டில் எழுதிய நோட்டுகள் வரும். இங்கே எல்லா இனத்தவரும் அவற்றைக் கேலியாகத் 'தாவ்கே' என்பார்கள். உருவம் முளைப்பயறு போல இருப்பதால் வந்த பெயர். லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் கலைஞர்கள் பார்த்து வாசித்ததும் அதே தாவ்கேதான். பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளிலும் இந்தப் பாடம் கால அட்டவணையில் இருக்கிறது. தேர்வுக்கு வராத பாடம் என்பதால் அதைக் கணிதத்துக்கும் மலாய்மொழிக்கும் 'கடன்' கொடுத்துவிடும் பழக்கம் மட்டும் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் பெற்றோர் கேள்வி கேட்க வேண்டும்.

நம் அண்டை வீட்டாரிடமிருந்தும் கற்க இருக்கிறது. சீனச் சமூகம் தன் எர்ஹு, பிபா, டீஸி போன்ற மரபு வாத்தியங்களை ஆர்க்கெஸ்ட்ரா அமைப்பில் வரிசைப்படுத்தி, நோட்டு எழுதி, பள்ளிதோறும் குழு அமைத்தது. சீன இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அது புறப்பாட நடவடிக்கை. மரபும் போகவில்லை, கூட்டாக வாசிக்கும் ஒழுங்கும் வந்துவிட்டது. நம் பக்கத்திலும் இப்படியொரு முயற்சி நடந்ததுண்டு. அனைத்திந்திய வானொலி 1952இல் 'வாத்ய விருந்தா' என்ற பெயரில் இந்திய வாத்தியங்களைக் கொண்ட குழுவை அமைத்தது. ஆனால் அது வானொலி நிலையத்தோடு நின்றது; பள்ளிக்கூடத்துக்கு இறங்கவில்லை. 

'இது சோறு போடுமா?'

ஆட்சேபங்களைத் தவிர்த்துவிட்டுப் பேசுவது நியாயமாகாது.

முதல் ஆட்சேபம் பணம். தோட்டத்திலிருந்து வெளியேறி, மலிவு விலை அடுக்குமாடியில் குடியிருந்து, தொழிற்சாலையில் இரண்டு ஷிப்ட் பார்க்கும் குடும்பத்திடம் 'பிள்ளைக்கு வயலின் வாங்கிக் கொடுங்கள்' என்று சொல்வது எளிது. வாத்தியத்துக்குச் சில நூறு ரிங்கிட், மாதக் கட்டணம், தேர்வுக் கட்டணம், போக்குவரத்து என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும். இது உண்மையான தடை. ஆகவே இதைத் தனிக் குடும்பத்தின் தோளில் மட்டும் ஏற்றக்கூடாது. ஒரு பள்ளியில் பத்து வயலின் பொதுவில் இருந்தால், பல ஆண்டு மாணவர்கள் அதில் பழகலாம்.

இரண்டாவது, 'படித்து என்ன வேலை கிடைக்கும்?' என்பது. இசையை மட்டும் நம்பி வாழ்வது கடினம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சென்னையில் நோட்டுப் படிக்கத் தெரிந்த நூற்றுக்கணக்கான வாத்தியக்காரர்களின் குடும்பங்களைத் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்கள் பல பத்தாண்டுகள் வாழவைத்தன. கணினி இசை வந்த பிறகு அந்த வேலை சுருங்கியது என்பதும் உண்மை. மலேசியாவில் நிலவரம் வேறு. 1997இல் பெட்ரோனாஸ் ஆதரவில் அமைந்த மலேசிய பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா 1998 ஆகஸ்ட் 17ஆம் தேதி தன் முதல் கச்சேரியை நடத்தியது. தொடக்கத்தில் அதில் வாசித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வெளிநாட்டினர். உள்ளூரில் ஆள் இல்லை. அந்தக் குறையைப் போக்கவே 2006இல் மலேசிய பில்ஹார்மோனிக் இளையோர் குழு தொடங்கப்பட்டது. அதற்கான தேர்வில் கலந்துகொள்ள இனம் தடையில்லை. வாசிக்கத் தெரிந்தால் போதும். நம் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அப்படியொரு தேர்வு இருப்பதாவது தெரியும்? தவிர, இசை ஆசிரியர்களுக்கு இந்நாட்டில் தேவை இருந்துகொண்டேதான் இருக்கிறது.

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது. 'லண்டன் கைதட்டினால்தான் நம் இசைக்கு மரியாதையா? நம் நாதஸ்வரத்துக்கும் பறைக்கும் உறுமிக்கும் முதலில் மரியாதை கொடுங்கள்' என்கிறார்கள். இதில் நியாயம் இருக்கிறது. கோயில் திருவிழாவுக்கு நாதஸ்வரக் கலைஞரைத் தமிழகத்திலிருந்து வரவழைத்து, அவர் ஊதும்போது ஒருவரும் காது கொடுக்காமல் சாப்பாட்டுப் பந்திக்கு ஓடுகிற சமுதாயம் நாம். கல்யாண மண்டபத்தில் அவருடைய வாசிப்பு 'கெட்டிமேளம்' சொல்லும் ஒரு நிமிடத்துக்கு மட்டும்தான் தேவைப்படுகிறது. சொந்த மண்ணில் பிறந்த நாதஸ்வரக் கலைஞர்களை உருவாக்க நாம் எடுத்த முயற்சி மிகக் குறைவு. 

ஆனால் இதற்கும் சிம்பொனிக்கும் பகை இல்லை. இளையராஜாவின் பாட்டுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பறையும் உடுக்கையும் நாதஸ்வரமும் அவர் இசையில் வயலின் குழுவோடு சமமாக உட்கார்ந்தன. கிராமத்து மெட்டை வெட்கப்படாமல் எடுத்துவந்தவரே சிம்பொனியும் எழுதுகிறார். ஒன்றைக் கற்க இன்னொன்றை இழிவாக நினைக்க வேண்டியதில்லை என்பதற்கு அவரைவிட நல்ல சான்று கிடைக்காது.

நம்மால் ஆகக்கூடியவை

பெரிய திட்டங்களுக்காகக் காத்திராமல், இந்த ஆண்டிலேயே தொடங்கக்கூடியவை சில உண்டு.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இசைக்கல்வி பாடம் முறையாக நடக்கிறதா என்று பார்க்கலாம். ரெக்கார்டர் நன்றாக ஊதும் நான்கைந்து பிள்ளைகளை அடையாளம் கண்டு, அவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் கூடுதல் பயிற்சி ஏற்பாடு செய்யலாம். ஆசிரியருக்கான செலவை முன்னாள் மாணவர் சங்கம் ஏற்கலாம்.

கோயில் நிர்வாகங்கள் திருவிழா வரவுசெலவில் ஒரு சிறு பங்கை வாத்தியங்களுக்கு ஒதுக்கலாம். பட்டாசுக்கும் மின்விளக்குத் தோரணத்துக்கும் செலவாகும் தொகையில் ஒரு பகுதி போதும். நாதஸ்வரக் கலைஞர் தமிழகத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் வாரங்களில் காலை வேளை சும்மாதான் இருக்கிறார். உள்ளூர் இளைஞர் நால்வருக்கு அவர் பாடம் சொல்லலாம். கல்வி உதவிநிதி வழங்கிவரும் பினாங்கு இந்து அறப்பணி வாரியம் இசை பயிலும் மாணவர்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் நன்று.

கர்நாடக இசை வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள், மாணவர்களுக்கு ஐந்து கோட்டு நோட்டையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டுகிறோம். ச ரி க ம எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அது புதிய எழுத்து மட்டுமே; புதிய அறிவு அல்ல. சில மாதங்களில் பிடிபட்டுவிடும்.

நம் குடும்பங்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது பினாங்கு பில்ஹார்மோனிக் கச்சேரிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம். புரியவில்லையே என்று தயங்க வேண்டாம். முதல்முறை கேட்கும்போது எல்லாருக்கும் அப்படித்தான். வயலின்கள் எப்போது பேசுகின்றன, ஹார்ன் எப்போது பதில் சொல்கிறது என்று கவனித்தாலே பாதி புரிந்துவிடும். பகுதிக்கும் பகுதிக்கும் நடுவே கைதட்டுவதில்லை என்பது மட்டும் அங்குள்ள வழக்கம்; முழுதும் முடிந்த பிறகு தட்டலாம். இசைக்குழு நிர்வாகமும் தன் அறிவிப்புகளைத் தமிழ் நாளேடுகளுக்கும் தமிழ்ப்பள்ளிகளுக்கும் அனுப்பினால், காலியாக இருக்கும் இருக்கைகள் நிரம்ப வாய்ப்புண்டு.

ஞாயிறு அதிகாலைக்குப் பிறகு

அந்தக் கச்சேரியைப் பற்றிப் பல கருத்துகள் இருக்கலாம். விமர்சகர்கள் பாராட்டலாம், குறையும் சொல்லலாம். சிம்பொனி என்றால் சினிமாப் பாட்டு எதிர்பார்த்துப் போகும் நம்மவர்களில் சிலர் 'மெட்டு எங்கே?' என்று கேட்கவும் கூடும். அதையெல்லாம் காலம் பார்த்துக்கொள்ளும். ஒரு படைப்பின் மதிப்பு முதல் இரவில் முடிவாவதில்லை.

நம்மைப் பொறுத்தவரை கேள்வி வேறு. தேவிகுளம் தேயிலைத் தோட்டத்தில் அண்ணனின் பாட்டுக்குத் துணை நின்ற பையனுக்கு, சென்னையில் ஒரு தன்ராஜ் மாஸ்டர் கிடைத்தார். பிறையிலும் நிபோங் திபாலிலும் பாயா தெருபோங் அடுக்குமாடியிலும் காதில் இசையோடு பிறந்த பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். ரெக்கார்டரில் ஒரு பாட்டைக் கேட்டவுடன் ஊதிவிடும் பிள்ளையை உங்கள் பள்ளியில் நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தப் பிள்ளைக்கு ஒரு வாத்தியமும் ஓர் ஆசிரியரும் கிடைக்க வழி செய்வது, வாழ்த்துப் படம் அனுப்புவதைவிடச் சற்றுச் சிரமமான வேலை. அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளும் பள்ளி ஒன்று, கோயில் ஒன்று பினாங்கில் இந்த ஆண்டு முன்வந்தால் போதும், மற்றவர்கள் பின்தொடர்வார்கள்.